உதவி அதிகாரி சூடாக இருக்கிறார்

வெப்ப எச்சரிக்கை நிலையத்தில் வெயிலுக்காக யாருக்கும் ஏ.சி. கொடுப்பதில்லை. பதவிக்குத்தான் கொடுப்பார்கள். இயக்குநர் அறையில் இரண்டு, அவர் கைகழுவுகிற இடத்தில் ஒன்று. இணை இயக்குநர்களுக்குத் தலைக்கு ஒன்று. அதற்குக் கீழே உதவி அதிகாரி வரைக்கும் சின்னதாக ஒன்று. உதவி அதிகாரிக்கும் கீழே இருப்பவர்களுக்கு மின்விசிறி. அவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கு ஜன்னல். ஆபரேட்டர் என்று எல்லாரும் கூப்பிடுகிற அந்தப் பெண் ஒப்பந்த ஊழியர் என்பதால் அவளுக்கு ஜன்னலும் கிடையாது.

இத்தனைக்கும் அந்த நிலையத்தில் உருப்படியாக நடந்த ஒரே வேலை அவளுடையதுதான். காலையில் ஊர் முழுக்க இருக்கும் வெப்பமானிகளிலிருந்து எண்கள் வரும். அவற்றை மெஷினில் ஏற்றிக் கணக்கை ஓட்டவேண்டும். மெஷின் ஒரு மணி நேரம் போல உறுமிவிட்டு, அன்று மதியம் மனித உடம்பு எவ்வளவு சூட்டைத் தாங்கவேண்டியிருக்கும் என்று ஒரே ஒரு எண்ணைச் சொல்லும். அது எல்லையைத் தாண்டினால் பத்து மணிக்குள் ஒரு பட்டனை அமுக்கவேண்டும். உடனே ஊரில் ரோடு போடுகிற, கட்டடம் கட்டுகிற அத்தனை மேஸ்திரிகளின் போனும் அடிக்கும். பதினோரு மணி முதல் நான்கு மணி வரை வெளிவேலை நிறுத்தம் என்று ஒரு குரல் சொல்லும். போன் வந்தால் வேலையை நிறுத்தியே ஆகவேண்டும், கூலியில் கைவைக்கவும் கூடாது. போன் வராவிட்டால் வெயில் மண்டையைப் பிளந்தாலும் வேலை நடக்கும். பத்து மணிக்கு மேல் எச்சரிக்கை கொடுக்கவும் முடியாது, விதி அப்படி.

அவளுடைய அக்கா தார் ரோடு போடுகிற கூட்டத்தில் ஜல்லி சுமக்கிறாள். போன கோடையில் ஒரு மதியம் சட்டியோடு அப்படியே சரிந்துவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து மீண்டு வரவே பெரும்பாடாகிவிட்டது. சிறுநீரகம் பாதி போய்விட்டது, இன்னொரு தடவை வெயிலில் இப்படி விழுந்தால் என்னால் எழுப்ப முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அந்த வேலையை விட்டுத் தொலை என்று தங்கை எத்தனையோ தடவை சண்டை போட்டுப் பார்த்தாள்.

"விட்டுட்டு உன் ஆபீஸ்ல வந்து இயக்குநரா உக்காரட்டுமா?" என்று அக்கா சிரிப்பாள். "நீ பட்டனை ஒழுங்கா அமுக்குடி. நான் ஒழுங்கா நிழல்ல உக்காந்துக்கறேன்."

ஆக, அக்காவின் உயிர் ஒரு பட்டனில் இருந்தது. பட்டன் மெஷினில் இருந்தது. மெஷின் எங்கே இருந்தது என்பதுதான் தொல்லை.

அது விளையாட்டுப் பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்ட கேமிங் கம்ப்யூட்டர். நிலையம் கேட்டது என்னவோ பெரிய கணக்கீட்டு இயந்திரம்தான். நிபுணர் குழு பல கோடைகளாகக் கூடிக் கலைந்து, கடைசியில் ராட்சதர்களைத் துரத்திச் சுடுகிற விளையாட்டுக்கு வேண்டிய கிராபிக்ஸ் கார்டு இந்தக் கணக்குக்கும் போதும் என்று கண்டுபிடித்தது. பெட்டியின் மேல் நெருப்பு கக்கும் மிருகத்தின் படம் போட்டு அது வந்து இறங்கியது. பக்கவாட்டில் கண்ணாடி மூடி. உள்ளே சிவப்பும் நீலமும் பச்சையுமாக விளக்குகள் சுற்றிச் சுற்றி எரிந்தன.

இயக்குநர் அதைப் பார்த்தவுடன் முகத்தைச் சுளித்தார். "இது ஆபீஸா, கூத்துக் கொட்டகையா? கண்ணுல படாத இடமாப் பாத்து வைங்க."

கண்ணில் படாத இடம் என்றால் உடைந்த நாற்காலிகள் போட்டிருந்த சாமான் அறை. ஜன்னல் இல்லை. தரையில், இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் மெஷினை ஒட்ட வைத்தார்கள். குளிர்காலத்தில் தப்பித்தது. கோடை தொடங்கியதும் கணக்கு பாதி ஓடும்போதே உள்ளே தொண்ணூறு டிகிரி ஆகிவிடும். ஃபேன்கள் எல்லாம் சேர்ந்து ஊளையிடும். அதற்கும் மேலே போனால் வெந்துபோகாமல் இருக்க மெஷின் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். ஊரில் வெயில் எவ்வளவு என்று சொல்லவேண்டிய மெஷின் வெயில் தாங்காமல் படுத்துவிடும்.

கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "ரொம்ப சிம்பிள்மா. பக்கத்து மூடியைக் கழட்டுங்க. உள்ள இருக்கற தூசியை ஊதி விடுங்க. சுவத்தை விட்டுத் தள்ளி, ஒரு மேஜை மேல தூக்கி வைங்க. ரூமை ஜில்லுனு வச்சுக்கங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று நம்பிக்கொண்டு அவள் நிர்வாக அதிகாரியிடம் போனாள். அவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் விதிமுறை. வாயைத் திறந்தாலே 'விதிமுறைப்படி' என்றுதான் ஆரம்பிப்பார்.

"மெஷினோட பக்கத்து மூடியைக் கழட்டிக்கலாமா சார்? சூடு வெளிய போகும்."

"விதிமுறைப்படி மெஷின் ஒரு சொத்து. மூடியைக் கழட்டினா ரெண்டு சொத்து. நாளைக்குத் தணிக்கைக்கு வர்றவன் கேட்டா நீயா பதில் சொல்வே?"

"உள்ள இருக்கற தூசியையாவது ஊதிடறேன் சார்."

"விதிமுறைப்படி துப்புரவு ஒப்பந்தம் தரைக்கு மட்டும்தான். மெஷினுக்குள்ள இருக்கற தூசி இன்னும் தரைக்கு வரலையேம்மா. வந்து விழட்டும், பெருக்கச் சொல்றேன்."

"சுவத்தை விட்டு ஒரு முழம் தள்ளி வச்சாக்கூடப் போதும் சார்."

"அது இடமாற்றம். கோடையில இடமாற்றம் கிடையாது."

"எங்க வீட்டு டேபிள் ஃபேனைக் கொண்டு வந்து வைக்கட்டுமா?"

"சொந்த மின்சாதனமா? நெருப்புப் பிடிச்சா?"

"மெஷினே நெருப்பாக் கொதிக்குது சார்."

"அது ஆபீஸ் சாதனம். அது கொதிக்கலாம்."

அவர் கேலி செய்யவில்லை. அவருக்குக் கேலி செய்யத் தெரியாது. அவருடைய முதுகுக்குப் பின்னால் ஏ.சி. மெல்ல முனகிக்கொண்டிருந்தது. குளிர் தாங்காமல் அவர் கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றியிருந்தார். அதைப் பார்த்ததும் அவளுக்கு வயிறு எரிந்தது.

"அந்த ரூமுக்குச் சின்னதா ஒரு ஏ.சி. போட்டா எல்லாம் சரியாயிடும் சார்."

"ஏ.சி. பதவிக்கு வர்றதும்மா. பொருளுக்கு வராது. மெஷின் பொருள்தானே?"

அவள் பொறுமை அங்கேதான் போனது. "அப்ப மெஷினுக்கு ஒரு பதவியைக் குடுத்துத் தொலைங்க சார்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வேலை போச்சு என்றே நினைத்தாள். விதிமுறை கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பேனா மூடியைத் திறந்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"என்ன பதவி?" என்று கேட்டார்.

ஒரு டேபிள் ஃபேன் வைக்க அனுமதிக்காத நிலையம், மெஷினை அதிகாரி ஆக்க மட்டும் ஒற்றுமையாக வேலை செய்தது. இணை இயக்குநர்கள் கூடினார்கள். மெஷினுக்கு வயது போதுமா என்ற கேள்வி வந்தது. அதன் வயது குறைவுதான் என்றாலும், கம்ப்யூட்டர்களுக்குச் சீக்கிரம் வயதாகிவிடுகிறது என்று ஒருவர் எடுத்துச் சொல்ல, அது ஏற்கப்பட்டது. நன்னடத்தை பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. இதுவரை யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை என்று விதிமுறை சாட்சி சொன்னார்.

புதிய அதிகாரிக்கு உடற்தகுதிச் சான்று வேண்டுமே. நிலையத்து டாக்டர் வந்து, கணக்கு ஓடிக்கொண்டிருந்த மெஷினின் மேல் வெப்பமானியை வைத்தார். எண்ணைப் பார்த்து ஆடிப்போனார்.

"இந்தக் காய்ச்சலோட யாரும்மா இவரை வேலைக்கு வரச் சொன்னது? பதினஞ்சு நாள் ஓய்வு எழுதறேன்."

"ஐயோ, வேண்டாம் டாக்டர்," என்று ஆபரேட்டர் கும்பிடாத குறையாகக் கெஞ்சினாள். "இவருக்கு உடம்பு வாகே இதுதான்."

'உடம்பு வாகு' என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மெஷின் தற்காலிக உதவி அதிகாரி ஆனது. மாடியில் தனி அறை, கதவில் பதவிப் பலகை, மேஜை, அழைப்பு மணி, சின்ன ஏ.சி. எல்லாம் வந்தன. மேஜையின் மேல், சுவரை விட்டுத் தள்ளி, மெஷின் அமர்ந்தது. தரையிலிருந்து ஒரு முழம் உயர அதற்கு அத்தனை பேரின் கையெழுத்து வேண்டியிருந்தது. பியூன் காலையிலும் மாலையிலும் டீ கொண்டுவந்து அதன் முன்னால் வைப்பான். ஆறியதும் எடுத்துக்கொண்டு போவான். ஒப்பந்த ஊழியர்களுக்கு டீ இல்லை.

ஒரு சிக்கல் வந்தது. அதிகாரி அறைக்குள் ஒப்பந்த ஊழியர் அனுமதி இல்லாமல் நுழையக்கூடாது. அனுமதி கொடுக்கவேண்டியவர் உள்ளே இருக்கிற அதிகாரி. முதல் நாள் அவள் கதவைத் தட்டிவிட்டு முட்டாள் போல வெளியே நின்றாள். பியூன்தான் வழி சொன்னான்.

"ஃபேன் சத்தம் கேக்குது பாருங்க. அப்படின்னா வரச் சொல்றார்னு அர்த்தம்."

உள்ளே போனாலும் உட்கார முடியாது, அதிகாரியின் முன்னால் ஒப்பந்த ஊழியர் உட்காரக்கூடாது. நின்றுகொண்டே எண்களை ஏற்றினாள். நின்றுகொண்டே பட்டனை அமுக்கினாள். கால் கடுத்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். அறை ஜில்லென்று இருந்தது, மெஷின் ஒரு தடவைகூடப் படுக்கவில்லை. பத்து மணிக்கு முன்னால் போன்கள் அடித்தன. மதியம் அக்கா கூப்பிட்டு, "மரத்தடியில கால் நீட்டி உக்காந்திருக்கேன், உன் புண்ணியம்" என்பாள். பைத்தியக்காரத்தனம் என்றாலும் அக்கா பிழைத்தால் போதும், மெஷினை மந்திரியாக்கினாலும் வணக்கம் வைக்கத் தயார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கோடை உச்சிக்கு ஏறியபோது நிலையம் ஒரு மாநாடு நடத்தியது. தலைப்பு 'வெப்பத்தை வெல்வோம்'. பல ஊர்களிலிருந்து வெப்ப எச்சரிக்கை நிலையங்களின் இயக்குநர்கள் வருகிறார்கள். மாநாட்டு அரங்கத்தில் ஏ.சி. போதவில்லை. விருந்தினர்களுக்கு வியர்த்துவிட்டால் நிலையத்தின் மானம் என்ன ஆவது? கீழ்ப்பதவியிலிருந்து மேல்நோக்கி, அறைகளில் இருக்கும் ஏ.சி.களைக் கழற்றி அரங்கத்தில் மாட்டுவது என்று முடிவானது. எல்லாருக்கும் கீழே இருந்தவர் தற்காலிக உதவி அதிகாரி. முதல் ஏ.சி. அவருடையது.

ஆட்கள் ஸ்பேனரோடு வந்ததைப் பார்த்து அவள் விதிமுறையிடம் ஓடினாள். "நாளைக்குத்தான் சார் வெயில் உச்சத்துல இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. நாளைக்கு மெஷின் நின்னா எச்சரிக்கை போகாது."

"மாநாடு எதுக்கும்மா நடக்குது? வெயில்ல ஜனங்க சாகக்கூடாதுன்னுதானே? அந்த நல்ல காரியத்துக்காக ஒரே ஒரு நாள் பொறுத்துக்கக் கூடாதா?"

"நான் பொறுத்துக்குவேன் சார். வெயில் பொறுக்காதே."

"வெயில் நம்ம நிர்வாகத்துல வரல," என்றார் விதிமுறை.

மறுநாள் காலையில் மெஷின் கணக்கைத் தொடங்கியது, உறுமியது, ஊளையிட்டது, அணைந்தது. மறுபடி ஓட்டினாள், மறுபடியும் அணைந்தது. யார் சொத்து எத்தனை ஆனாலும் ஆகட்டும் என்று பக்கத்து மூடியைக் கழற்றி வீசினாள். வாயால் ஊதினாள். அட்டை ஒன்றைக் கிழித்துக் கை ஓயும் வரை விசிறினாள். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. ஒன்றும் பலிக்கவில்லை. பத்து மணி ஆகப்போகிறது. எண் வரவில்லை.

என்ன செய்வது என்று தெரியாமல் கீழே இறங்கி வாசலுக்கு வந்தாள். செருப்பு போட மறந்திருந்தாள். காலைத் தரையில் வைத்த மாத்திரத்தில் எடுத்துவிட்டாள். வாசலில் மாநாட்டுக்கு வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏணியின் மேல் நின்ற ஆள் கம்பியைத் துணி சுற்றிப் பிடித்திருந்தான், அப்படியும் கை மாற்றிக்கொண்டே இருந்தான். கீழே ஒருவன் சுவரில் சாய்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். அவன் வயதுதான் இருக்கும் அக்காவுக்கு.

அவள் மாடிக்கு ஓடினாள். கணக்கை ஓட்டாமல் எச்சரிக்கைப் பக்கத்தை மட்டும் திறந்தால் மெஷின் கொஞ்ச நேரம் தாங்கும். திறந்தாள். எண் கேட்டது. எல்லையைத் தாண்டிய ஏதோ ஒரு எண்ணை அடித்தாள். பட்டனை அமுக்கினாள்.

ஊர் முழுக்க மேஸ்திரிகளின் போன் அடித்தது. வளைவு கட்டுகிற மேஸ்திரியின் போனும் அடித்தது. மாநாட்டு ஏற்பாட்டாளர்களுக்கு இது தோன்றவே இல்லை. வெயிலில் நிற்கிற ஆட்கள் தங்கள் வாசலிலும் இருக்கிறார்கள் என்பதை யாரும் கவனித்ததில்லை. பதினோரு மணி அடித்ததும் வேலையாட்கள் போட்டதைப் போட்டபடி நிழலுக்குப் போய்விட்டார்கள். வளைவில் 'வெப்பத்தை' மட்டும் ஏறியிருந்தது. 'வெல்வோம்' தரையில் கிடந்தது. ஏணிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றதால் கார்கள் உள்ளே வர முடியவில்லை. இயக்குநர்கள் அத்தனை பேரும் கேட்டிலிருந்து வாசல் வரைக்கும் நடக்கும்படி ஆயிற்று.

நம் இயக்குநரும் நடந்தார். அரங்கத்துக்குள் வந்தவுடன் இரண்டு ஏ.சி.க்கு நடுவில் கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றார். பிறகு மேடையேறிப் பேசினார்.

"முப்பது வருஷமா நான் வெப்பத்தை எதிர்த்துப் போராடறேன். இந்த முப்பது வருஷத்துல ஒரு நாள்கூட நான் வெயில்ல நின்னதில்லை. எப்படி முடிஞ்சுது? திட்டமிடல்! நான் கேக்கறேன், என்னால முடியும்னா ஒரு சாதாரணத் தொழிலாளியால ஏன் முடியாது? மனசு இல்லை. அவ்வளவுதான். நாம மனசை மாத்தணும்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. இறங்கி வந்தவர் விதிமுறையின் காதில் சொன்னார். "என்னை வெயில்ல நடக்க வச்சது யாருன்னு நாளைக்குக் காலையில எனக்குத் தெரிஞ்சாகணும்."

காலை ஒன்பது மணிக்கு விசாரணை கூடியது. நடுவில் இயக்குநர், ஒரு பக்கம் விதிமுறை, மறுபக்கம் டாக்டர். அதிகாரி என்ற முறையில் மெஷினுக்கும் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். மேலே துணியைச் சுற்றி அரக்கு முத்திரை வைத்திருந்தது. அறையில் பெரிய ஏ.சி. ஓடியது. இந்தக் கோடையில் மெஷின் நன்றாகக் குளிர்ந்து இருந்தது அன்றைக்குத்தான்.

ஆபரேட்டர் நின்றாள்.

"நேத்து எச்சரிக்கை குடுத்தது யார்?"

"நான்தான் சார்."

"விதிமுறைப்படி அந்த அதிகாரம் உதவி அதிகாரிக்கு," என்று விதிமுறை மெஷினைக் காட்டினார். "அவர் அப்போ எங்க இருந்தார்?"

"சூடு தாங்காம அணைஞ்சு போயிட்டார் சார்."

"மயக்கம்," என்று டாக்டர் திருத்தினார்.

"அதாவது, மேலதிகாரி மயங்கிக் கிடந்த நேரம் பாத்து அவரோட அதிகாரத்தை நீ எடுத்துக்கிட்டே."

"நேத்து மதியம் நிஜமாவே எல்லையைத் தாண்டிடுச்சு சார். எல்லா வெப்பமானியிலயும் இருக்கு. நான் குடுத்த எச்சரிக்கை சரிதானே?"

இயக்குநர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "அது வெயில் பண்ணின காரியம்மா. நாங்க விசாரிக்கிறது நீ பண்ணின காரியத்தை. கணக்கு வராம, வெயில் அடிக்குதுன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"வெளிய போய் நின்னேன் சார்."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விதிமுறை புத்தகத்தைப் புரட்டினார். அப்படி ஒரு வழி அதில் இல்லை.

"எந்த விதியின் கீழ வெளிய போனே?"

அவள் எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரத்தை அப்போதுதான் பார்த்தாள். பத்தாகக் கால் மணி நேரம்.

"சார், இன்னிக்கு எச்சரிக்கை? நேத்தை விட இன்னிக்கு அதிகமா அடிக்குது. முத்திரையைப் பிரிச்சுக் குடுங்க சார், ஒரே நிமிஷம், பட்டனை அமுக்கிட்டு வந்து நிக்கறேன்."

"சாட்சியோட முத்திரையை நடுவுல பிரிக்கறதா?" விதிமுறை பதறிப்போனார். "விசாரணை முடியற வரைக்கும் எந்த எச்சரிக்கையும் கிடையாது."

"எங்க அக்கா ரோட்டுல நிக்கறா சார். இன்னொரு தடவை விழுந்தா செத்துடுவா. அவ மாதிரி எத்தனையோ பேர் நிக்கறாங்க சார். போன் வரும் வரும்னு பாத்துக்கிட்டு நிக்கறாங்க."

"உணர்ச்சிவசப்படாதே," என்றார் இயக்குநர் கனிவாக. "அக்கா எல்லாருக்கும்தான் இருக்காங்க. எனக்கும் ஒரு அக்கா இருக்காங்க. அவங்க வீட்டுல இருக்காங்க."

டீ வந்தது. முதல் கோப்பையை இயக்குநருக்கும், அடுத்ததை விதிமுறைக்கும் டாக்டருக்கும், கடைசிக் கோப்பையை மெஷினுக்கும் பியூன் வைத்தான். அவர்கள் ஊதி ஊதிக் குடித்தார்கள். அவள் கையைப் பிசைந்துகொண்டு கடிகாரத்தையே பார்த்தாள். முள் நகர்ந்தது. இயக்குநர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தானும் கடிகாரத்தைப் பார்த்தார். நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"பத்து தாண்டிடுச்சு பாரு. இனிமே நினைச்சாலும் எச்சரிக்கை குடுக்க முடியாது. அந்தக் கவலை விட்டுது. இப்பப் பதட்டமில்லாம பேசலாம்."

தனக்கு அழுகை வரும் என்றுதான் அவள் நினைத்தாள். வரவில்லை. இத்தனை நாள் சார் சார் என்று கூப்பிட்ட வாய் கசந்தது. இவர்கள் கெட்டவர்களாக இருந்தாலாவது காலில் விழுந்து பார்க்கலாம். இவர்கள் குளிராக இருந்தார்கள். அவள் திரும்பிக் கதவைத் திறந்தாள்.

"எங்க போறே? தீர்ப்பு இன்னும் சொல்லலையே!" என்று விதிமுறை கத்தினார்.

"வெளிய போறேன். எந்த விதியில போறேன்னு நீங்களே தேடி எழுதிக்கங்க."

கதவை அவள் மூடவில்லை. குளிர் வெளியே போகிறது, குளிர் வெளியே போகிறது என்று உள்ளேயிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது.

பஸ்ஸிலிருந்து அக்காவை விடாமல் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. வேலை நேரத்தில் எல்லார் போனும் சாப்பாட்டுப் பையில்தான் கிடக்கும். இறங்கி ஓடினாள். ரோட்டில் தார் ஆவி எழுப்பிக்கொண்டிருந்தது. கூட்டம் வரிசையாக ஜல்லி சுமந்தது. அக்கா வரிசையின் கடைசியில் வந்தாள். முகம் வெளுத்து, உதடு காய்ந்து, காலை எங்கே வைக்கிறோம் என்று தெரியாமல் வைத்து வந்தாள். தங்கையைப் பார்த்தாள், அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை.

"அக்கா, கீழ போடு! சட்டியைக் கீழ போடு!"

"இரும்மா, யாரும்மா நீ?" மேஸ்திரி குறுக்கே வந்தார். அவர் சட்டையும் உடம்போடு ஒட்டியிருந்தது.

"வேலையை நிறுத்துங்க. வெயில் எல்லையைத் தாண்டிடுச்சு."

"எனக்குத் தெரியாதா? எனக்கே கண்ணு இருட்டுது. காலையிலேர்ந்து போனைப் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். வரலையே."

"நான் அந்த ஆபீஸ்லேர்ந்துதான் வர்றேன். தினமும் அந்தப் போனைப் போடறதே நான்தான்."

"இருக்கலாம்மா. நீ பொய் சொல்றேன்னு நான் சொல்லலை. ஆனா போன் வரணும்ல? போன் வராம நிறுத்தினா காண்ட்ராக்டர் என்னை நிறுத்திடுவார். வந்துடுச்சுன்னா அடுத்த நிமிஷம் நிறுத்தறேன். நானும் மனுஷன்தானே?"

அவள் அவரைப் பார்த்தாள். நல்ல மனிதர்தான். அதுதான் அவளுக்கு ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது.

"உங்க நம்பரைச் சொல்லுங்க."

சொன்னார். அவள் தன் போனில் அடித்தாள். இரண்டு எட்டு தள்ளி நின்ற மேஸ்திரியின் பையில் போன் மணி அடித்தது. அவர் அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, எடுத்துக் காதில் வைத்தார்.

"வெப்ப எச்சரிக்கை நிலையத்துலேர்ந்து பேசறோம்," என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்த்தபடியே. "இந்த நிமிஷத்திலேர்ந்து நாலு மணி வரைக்கும் வெளிவேலை நிறுத்தம்."

"சரிங்க மேடம். உடனே நிறுத்திடறேங்க மேடம். ரொம்ப நன்றிங்க மேடம்."

போனைப் பையில் போட்டுக்கொண்டு விசிலை எடுத்து ஊதினார். வரிசை நின்றது. சட்டிகள் கீழே இறங்கின. மேஸ்திரி அவள் பக்கம் திரும்பினார். அவர் முகமெல்லாம் சந்தோஷம்.

"பாத்தியாம்மா? வந்துடுச்சு!"

அவள் அக்காவைத் தாங்கிப் பிடித்து மரத்தடிக்கு நடத்திக்கொண்டு போனாள். குடத்துத் தண்ணீரை எடுத்துத் தலையில் ஊற்றினாள், கழுத்தில் ஊற்றினாள், வாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். அக்காவுக்கு இருமல் வந்தது. பிறகு கண் நிலைக்கு வந்தது.

"ஏன்டி இன்னிக்கு இவ்வளவு லேட்டு?" என்று கேட்டாள்.

அவள் அக்காவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு கையால் போனை எடுத்துத் துடைத்தாள்.

"மேஸ்திரி," என்று கூப்பிட்டாள். "அடுத்த ரோட்டு மேஸ்திரியோட நம்பர் இருக்கா?"